ஊர் கண்டோர் உரை

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் கிருஷ்ணகிரி மாவட்டம் அமைந்துள்ளது. கருநாடகமும் ஆந்திரமும் அதனை அடுத்துள்ளன. அம்மாவட்டத்தில், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, குன்றின் அடியில் விளங்கும் ஊர் சூளகிரி. வடக்கே சீநகரில் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரியில் முடியும் நெடுஞ்சாலை அவ்வூரின் வழியே செல்கிறது. இரவென்றும் பகலென்றும் பாராமல் அச்சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் செய்த பொருள்களை ஏற்றிக்கொண்டு சில தெற்கே விரையும். சூளகிரி வட்டாரத்துத் தக்காளியையும் கொத்தமல்லித் தழையையும் சுமந்துகொண்டு சில பெங்களூரை நோக்கி விரையும். பிழைப்பை நாடிச் செல்வோரும், கோயில்களை நாடிச் செல்வோரும், கல்வியை நாடிச் செல்வோரும் அவ்வழியே நாள்தோறும் போகின்றனர், வருகின்றனர்.

இவ்வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்குகின்றன. சந்தையில் ஒருவரே ஒருவரிடம் தமிழிலும், அடுத்தவரிடம் தெலுங்கிலும், மற்றொருவரிடம் கன்னடத்திலும் விலை பேசுவது இங்கே வியப்பன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழி அடிப்படையில் மாநிலங்கள் பிரிக்கப்பட்டன. நிலத்தின்மேல் எல்லைக்கோடு விழுந்தது. ஆயினும், பெண் கொடுத்தலும் பெண் எடுத்தலும், வாங்கலும் விற்றலும் அக்கோட்டைக் கண்டு நின்றுவிடவில்லை. பின்னர் ஓசூர் பெரிய தொழில் நகரமாக வளர்ந்தது. பீகார், ஒடிசா, அசாம் முதலிய தொலைநாட்டுத் தொழிலாளரும் இங்கு வந்து தங்கலாயினர்.

இத்தகைய இடத்தில் வாழ்வோர் பிற நாட்டாரை நன்கு அறிந்திருப்பர் என்று நாம் எண்ணுவோம். ஆனால், சாலையோரத்தில் வாழ்வது வேறு. சாலையில் செல்வோரை அறிவது வேறு. ஒரே தெருவில் பத்தாண்டு வாழ்ந்த பின்னும், அடுத்த வீட்டார் எந்நாட்டிலிருந்து வந்தார், அங்கே என்ன விளையும், எந்தத் திருநாளை அவர் கொண்டாடுவார் என்பவற்றை அறியாதோர் பலர். இவ்வறியாமை அமைதியான காலத்தில் வெளியே தோன்றுவதில்லை. பூசல் எழும் காலத்தில்தான் அதன் கொடுமை புலப்படும்.

2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அது புலப்பட்டது. காவிரி நீரைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தபின் இரு மாநிலங்களிலும் கிளர்ச்சி மூண்டது. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பல எரிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் கன்னடர் சிலருடைய கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. மாநிலங்களுக்கு இடையே ஓடிய பேருந்துகள் எல்லையில் நின்றுவிட்டன. ஓசூரை அடுத்த சூசூவாடிக்கும் கருநாடகத்து அத்திப்பள்ளிக்கும் இடையே, முதியோரும் மகளிரும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளைச் சுமந்துகொண்டு நடந்தே எல்லையைக் கடந்தனர். நேற்றுவரை ஒரு மணிப் பொழுதில் கடந்த வழி, அன்று அயல்நாட்டு வழிபோல் ஆயிற்று.

நீரைப் பங்கிடும் வழக்கை நீதிமன்றங்களும் அரசுகளும் தீர்க்கவேண்டும். ஆனால், நீர் வழக்கிற்கும் பேருந்தில் வந்த முதியவருக்கும் தொடர்பு யாது? முகம் அறியாத மக்களைப் பற்றி எவர் எதனைச் சொன்னாலும் மனம் நம்பிவிடுகிறது. வதந்தி நுழைவதற்கு அறியாமையே வாயில். அவ்வாயிலை அடைக்க வல்லது எது? நேரிற் கண்டவர் கூறும் உண்மைச் சொல்லே ஆகும். பயணம் செய்தோர் தாம் கண்டதைப் பிறருக்கு எடுத்துரைப்பதும், பலர் உரைத்ததைத் தொகுத்து ஊரார் அறியச் செய்வதும் வெறும் பொழுதுபோக்கு ஆகா. அவை ஒரு சமுதாயப் பணியாகும். இப்பணியைத் தென்னாட்டில் செய்த பெரியோர் சிலரை இங்குக் காண்போம்.

சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக விளங்கியவர் ஏனுகுல வீராசாமி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவர், 1830-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் காசிக்குப் புறப்பட்டார். தென்னாட்டில் முதல் புகைவண்டி ஓடியது 1856-ஆம் ஆண்டில்தான். ஆகவே, வீராசாமி பல்லக்கிலும் படகிலுமாகவே நெடுவழியைக் கடக்கவேண்டியிருந்தது. குடும்பத்தாரும் பணியாளருமாகப் பெருங்கூட்டம் ஒன்று அவருடன் சென்றது. திருப்பதி, ஐதராபாத்து, நாகபுரி வழியாகக் காசியை அடைந்து, கயையையும் கல்கத்தாவையும் பூரியையும் கண்டு, 1831-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் சென்னைக்குத் திரும்பினார்.

காசிக்குச் சென்று மீண்டோர் அக்காலத்திலும் பலர் இருந்தனர். வீராசாமியின் பெயர் இன்றும் நிலவுவதற்குக் காரணம் அவருடைய நண்பர் ஒருவரே. கோமளேசுவரன்பேட்டைச் சீனிவாச பிள்ளை என்னும் அந்நண்பர், வழியிற் காண்பவற்றை எழுதி அனுப்புமாறு அவரை வேண்டினார். வீராசாமியும் தங்கிய ஊர்களையும், அங்குக் கிடைத்த பண்டங்களையும், நீர் வளத்தையும், சாலையின் தன்மையையும், மக்களின் பழக்க வழக்கங்களையும் விடாமல் எழுதினார். 1836-இல் வீராசாமி மறைந்தார். அவர் எழுதியவற்றைச் சீனிவாச பிள்ளை ஒழுங்குபடுத்தி, 1838-ஆம் ஆண்டில் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்னும் தெலுங்கு நூலாக வெளியிட்டார். கண்டவர் ஒருவர், கேட்க விழைந்தவர் மற்றொருவர். சொல்வாரும் கேட்பாரும் கூடியதால் அல்லவோ அந்நூல் பிறந்தது!

தமிழிலும் இத்தகைய நூல்கள் தோன்றின. கோயம்புத்தூரில் வாழ்ந்த சே. ப. நரசிம்மலு நாயுடு இதழாசிரியராகவும் பொதுப்பணியாளராகவும் விளங்கியவர். வடநாட்டிற்குச் சென்று கண்டவற்றை அவர் 1889-ஆம் ஆண்டில் ஒரு யாத்திரை நூலாக வெளியிட்டார். வடநாட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாத தமிழர் பலர், அத்தகைய நூல்களின் வாயிலாகவே கங்கையையும் கல்கத்தாவையும் அறிந்தனர்.

பயணக் கதைகளைப் பகிரும் பணியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஏ. கே. செட்டியார். இவர் 1911-ஆம் ஆண்டில் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். இளமையில் பர்மாவின் தலைநகராயிருந்த இரங்கூனில் ‘தனவணிகன்’ என்னும் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். நிழற்படக் கலையைக் கற்க ஜப்பானுக்கும் பின்னர் அமெரிக்காவிற்கும் சென்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, அவர் அட்லாண்டிக் கடலில் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அப்போது, காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது.

காந்தியடிகளை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், பலர் படம் பிடித்திருந்தனர். அப்படங்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. செட்டியார் கண்டம் விட்டுக் கண்டம் சென்று அவற்றைத் தேடினார். தென்னாப்பிரிக்காவிற்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று, காந்தியடிகளுடன் பழகியவர்களைக் கண்டு பேசினார். ஏறத்தாழ 50,000 அடி நீளமுள்ள படச்சுருள்களைத் திரட்டினார். 1940-ஆம் ஆண்டில் அப்படம் தமிழ் விளக்கவுரையோடு வெளிவந்தது. முன்பின் அறியாத பலர் தனித்தனியே கண்ட காட்சிகள் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஒரு வரலாறாயின. பலர் கண்டதை ஒன்றுசேர்த்துப் பலருக்கும் அளித்தல் என்னும் இம்முறையையே செட்டியார் பின்னரும் கைக்கொண்டார்.

1943-ஆம் ஆண்டில் அவர் ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகள் அதன்வழியே மீண்டும் வெளிச்சம் கண்டன. பாரதியாரின் எழுத்துகள் பலவும் அவற்றுள் அடங்கும். 1983-ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை அவ்விதழைப் பேணினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்பது அவர் இயற்றிய நூலின் பெயர். அதுவே அவருக்கும் பட்டப்பெயர் ஆயிற்று.

செட்டியாரின் எழுத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. உலகையே சுற்றியவராயினும், அவர் தம்மைப்பற்றி மிகுதியாகப் பேசமாட்டார். தாம் பட்ட அல்லலையும் பெற்ற பெருமையையும் விரிக்காமல், கண்ட மக்களையே முன்னிறுத்துவார். சிறு சிறு சொற்றொடர்கள், எளிய நடை, இடையிடையே மெல்லிய நகைச்சுவை. அயல்நாட்டார் வழக்கம் ஒன்று நம் வழக்கத்திற்கு மாறாக இருப்பின், அதனை இகழாமல், உள்ளது உள்ளபடி உரைப்பார். படிப்பவர் கண்முன் செட்டியார் நில்லார். அவர் கண்ட நாடே நிற்கும். பயணம் செய்து எழுத விரும்புவோர் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவாகும்.

1968-ஆம் ஆண்டில் அவர் ‘தமிழ்நாடு’ என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டார். அதில் உள்ளவை பிறர் எழுதிய பயணக் கட்டுரைகள். ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களைப் பலர் கண்டு எழுதியவற்றை அவர் தேடித் திரட்டியிருந்தார். ஓர் ஊரை ஒருவர் காணும்போது அவர் கண்ணுக்குப் படுவது ஒரு பக்கமே. கோயிலைக் காண்பவர் சந்தையைக் காணாமற் போகலாம். சந்தையைக் காண்பவர் பள்ளியைக் காணாமற் போகலாம். பலர் கண்டதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஊரின் முழுவுருவம் தோன்றும். அயல்நாடுகளைத் தமிழருக்குக் காட்டிய அவரே, தமிழ்நாட்டையும் தமிழருக்குக் காட்டினார் எனலாம்.

அவருடைய நூல்களுள் மற்றொன்று ‘குடகு’ என்பது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கண்டவர், அண்டையில் உள்ள ஒரு சிறு மலைநாட்டைப் பற்றித் தனி நூல் எழுதியது கருதத்தக்கது. குடகு இன்று கருநாடகத்தின் ஒரு மாவட்டம். காவிரி பிறக்கும் தலைக்காவிரி அங்கேதான் உள்ளது. துலா மாதம் பிறக்கும் வேளையில் அவ்வூற்றில் நீர் பொங்கி எழுவதைக் காண மக்கள் திரள்கின்றனர். குடகர் காவிரியைத் தம் தாயாகவே போற்றுகின்றனர். அதே ஐப்பசித் திங்களில், நெடுந்தொலைவிற்கு அப்பால், தமிழ்நாட்டு மயிலாடுதுறையில் மக்கள் காவிரியில் துலா முழுக்கு ஆடுகின்றனர். ஓர் ஆறு, ஒரு திங்கள், ஒரே பத்திமை. குடகர் தம் அறுவடைத் திருநாளைப் ‘புத்தரி’ என்பர். புதிய அரிசி என்பது அதன் பொருள். பொங்கற் பானையில் புத்தரிசி இடும் தமிழருக்கு இச்சொல்லை எவரேனும் பெயர்த்துச் சொல்லவேண்டுமோ? காவிரியின் பெயரால் வண்டிகள் எரிந்தபோது, இவ்வுறவை இரு பக்கத்திலும் எத்துணைப் பேர் அறிந்திருந்தனர்?

செட்டியாரைப் போன்றே நாடு பல கண்டவர் சோமலெ. உலக நாடுகளைப் பற்றி வரிசையாக நூல்கள் எழுதிய அவர், தமிழ்நாட்டு மாவட்டங்களையும் சுற்றிப் பார்த்து, மாவட்டத்திற்கு ஒரு நூலாக எழுதலானார். சேலம் மாவட்டத்தைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகள் 1965-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் 2004-ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்தன. தொலைநாட்டுச் செய்தியும் உள்ளூர்ச் செய்தியும் ஒரே அன்போடு திரட்டத்தக்கவை என்பதை இவருடைய நூல்கள் உணர்த்துகின்றன.

பயணம் செய்வோர் ஒருவரோடொருவர் கூடிப் பேசுவதற்கு இடமும் வேண்டும். செருமனி நாட்டுப் பள்ளியாசிரியர் ஒருவர் அதற்கு ஒரு வழி கண்டார். ரிச்சர்டு சிர்மான் என்னும் அவர், 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் மாணவரை அழைத்துக்கொண்டு நடைப்பயணம் சென்றார். வழியில் இடியும் மழையும் சூழ்ந்தன. அனைவரும் ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஒதுங்கி இரவைக் கழித்தனர். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் பயணம் செய்யும் மாணவருக்கு விடுதிகளாக உதவலாகாதா என்று அவ்விரவில் அவர் எண்ணினார். 1912-ஆம் ஆண்டில் அல்தேனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் நிலையான இளைஞர் விடுதி ஒன்று அமைந்தது. பின்னர் இவ்வியக்கம் உலகெங்கும் பரவியது. மொழியாலும் நாட்டாலும் வேறுபட்ட இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ்த் தங்கி, தத்தம் ஊர்க் கதைகளைப் பேச அது வாய்ப்பளித்தது.

கப்பலேறிச் செல்லப் பொருளும் பொழுதும் எல்லாருக்கும் வாய்க்கா. ஆனால், சூளகிரி போன்ற ஊரில் வாழும் மாணவர் உலகைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. உலகின் ஒரு பகுதி அவர்தம் ஊருக்கே வந்துள்ளது. பள்ளியில் பயணக் கழகம் ஒன்றை அமைத்துத் திங்களுக்கு ஒருமுறை கூடலாம். சரக்குந்து ஓட்டி நாட்டின் நெடுஞ்சாலைகளைக் கண்ட ஓட்டுநரை அழைத்துப் பேசச் செய்யலாம். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளரிடம் அவர் ஊரின் நெல்வயலைப் பற்றியும் தேர்த்திருவிழாவைப் பற்றியும் கேட்கலாம். தெலுங்கும் கன்னடமும் பேசும் தோழரின் பாட்டியார் கூறும் கதைகளைத் தமிழில் எழுதி வைக்கலாம். சொல்வோர் பெயரை அவர் இசைவு பெற்றே எழுதுதல் வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பிறர் உணவையோ உடையையோ கேட்டு நகைத்தல் ஆகாது. ஒருவர் செய்ததை அந்நாட்டார் எல்லாருடைய இயல்பாகவும் கொள்ளுதல் ஆகாது. நேரிற் கண்டதனையும் பிறர் வாய்க் கேட்டதனையும் வேறு வேறாகப் பிரித்து எழுதவேண்டும். நம் ஊரைப் பற்றி அவர் என்ன எண்ணுகிறார் என்பதனையும் கேட்டறிதல் நன்று. நம் கண்ணுக்குப் பழகிப்போன குறையும் நிறையும் புதியவர் கண்ணுக்கே விளங்கும்.

இவ்வாறு கேட்கத் தொடங்கினால் ஊர்ப்பெயர்களே கதை சொல்லும். ‘ஓசூர்’ என்பது கன்னடத்தில் ‘ஹொசூரு’ எனப்படும். ‘ஹொச’ என்பதற்குப் ‘புதிய’ என்பது பொருள். தமிழர் பல இடங்களில் ‘புதூர்’ என்று பெயரிட்டது போலவே கன்னடர் ‘ஹொசூரு’ என்று பெயரிட்டனர். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’. நம் ‘பள்ளி’ அங்கே ‘ஹள்ளி’. நம் ‘புகை’ அங்கே ‘ஹொகெ’. காவிரி தமிழ்நாட்டில் நுழைந்ததும் அருவியாய் வீழ்ந்து, நீர்த்துளிகளைப் புகைபோல் எழுப்பும் இடம் ஒகேனக்கல். புகையும் கல் என்பதே அப்பெயரின் பொருள். இதனை அறிந்த மாணவன், அயல்மொழி என்று தான் எண்ணியதில் தன் மொழியின் சாயலைக் காண்பான்.

வீராசாமியின் கடிதங்களை ஒரு நண்பர் போற்றி வைத்தார். நூறாண்டுக் கட்டுரைகளைச் செட்டியார் தேடித் திரட்டினார். இவ்விருவரும் செய்யாதிருந்தால் அச்செய்திகள் கண்டவரோடு மறைந்திருக்கும். இன்று நம் ஊர்களில் தங்கியுள்ள தொலைநாட்டாரின் கதைகளும் அத்தகையனவே. அவர் ஊர் திரும்பிய பின் கேட்பதற்கு ஆள் இரார். ஆகையால், கேட்க வேண்டுவனவற்றை இன்றே கேட்டு, எழுதி, பிறரும் அறியத் தருதல் மாணவர் கடமையாகும். மீண்டும் ஒருமுறை எல்லையில் பூசல் மூளுமாயின், அக்கரையில் உள்ளோரைப் பற்றி வதந்தி சொல்வதை நம்பாமல், தாம் கேட்டறிந்ததை எடுத்துச் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.